ஏறுதலும் சுற்றுதலும்

பயண இலக்கியத்திற்கு வடிவம் கொடுப்பது பயணம் சென்ற பாதையே ஆகும். ஆற்றோரமாக நடந்தவரின் நூலுக்கு ஆறே முதுகெலும்பாகிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் படித்தோர் இதனை நன்கு உணர்வர். மலையுச்சிக்கு ஏறியவரின் நூலுக்கு உச்சியே இலக்கு. அதனை அடைந்ததும் கதை முடிந்துவிடும். ஆனால், ஒரு மலையின் உச்சிக்குச் செல்லாமல், அதன் அடிவாரத்தையும் இடைச்சரிவுகளையும் பல நாள் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருபவர் எழுதும் நூலுக்கு எது வடிவம்? அதில் வெற்றி எது? முடிவு எது? இவ்வினாக்களுக்கு மலைப்பயண இலக்கியம் இன்னும் நிறைவான விடை காணவில்லை.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற களம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் மலை ஆகும். 14,410 அடி உயரமுள்ள அம்மலை ஓர் எரிமலை. அணைந்துபோன எரிமலை அன்று, உறங்கிக் கொண்டிருக்கும் எரிமலை. அதன் உடலெங்கும் பனியாறுகள் படர்ந்துள்ளன. பனிக்கும் காட்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில், ஆண்டுதோறும் சூலை இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை காட்டுப்பூக்கள் மலர்ந்து நிறைகின்றன. மலையை முழுவதும் சுற்றி வருவதற்கு ‘வொண்டர்லேண்ட்’ என்னும் நடைபாதை உண்டு. 1915ஆம் ஆண்டில் சுற்று நிறைவு பெற்ற அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 93 மைல், அதாவது 150 கிலோமீட்டர். முதுகுப்பையில் உணவும் கூடாரமும் சுமந்து நடப்போர் அதனைச் சுற்றி வருவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரை எடுத்துக் கொள்வர்.

இம்மலையைப் பற்றி எழுந்த எழுத்துகளுள் நான்கு இங்கே எடுத்துக்கொள்ளப் பெறுகின்றன. அவை ஒவ்வொன்றும் மலையை எவ்வாறு கண்டன, எதனைக் காணத் தவறின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொலைவிலிருந்து இட்ட பெயர்

மலையின் பெயரே ஒரு திறனாய்வுக்கு உரியது. 1792ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் தம் கடற்பயணத்தின்போது அம்மலையைக் கண்டு, தம் நண்பரான பீட்டர் ரெய்னியரின் பெயரை அதற்குச் சூட்டினார். பீட்டர் ரெய்னியர் அம்மலையைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை. அவருடைய கடற்பணியின் பெரும்பகுதி கீழைக் கடல்களில் நிகழ்ந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தாம். 1796இல் அம்போன் தீவையும் கைப்பற்றினார். ஈழத்துக் கடற்கரையில் போர் புரிந்த ஒருவரின் பெயர், அவர் கண்ணால் காணாத மலை ஒன்றின் மேல் இன்றளவும் நிற்கிறது.

அம்மண்ணின் பழங்குடி மக்கள் வழங்கிய பெயரோ வேறு. ‘தக்கோமா’, ‘தஹோமா’ எனப் பல வடிவங்களில் அது பதிவாகியுள்ளது. அம்மக்கள் கோடை இறுதியில் மலைச்சரிவுகளுக்கு ஏறிவந்து காட்டுப்பழங்களைப் பறித்தனர், வேட்டையாடினர், குளிர் தொடங்குமுன் பள்ளத்தாக்குகளுக்குத் திரும்பினர். அவர்களுக்குப் பூக்கள் நிறைந்த இடைச்சரிவே மலை. உச்சி அவர்களுடைய அன்றாட வாழ்வில் இடம்பெறவில்லை. பின்னர் வந்த எழுத்தாளர்களோ உச்சியையே மலை எனக் கொண்டனர். இந்நோக்கு வேறுபாட்டை மனத்திற்கொண்டு நூல்களை அணுகுதல் வேண்டும்.

ஏற்றத்தின் இலக்கியம்

ரெய்னியரின் உச்சியை முதன்முதலில் அடைந்தோராகப் பதிவு பெற்றவர்கள் ஹேசர்ட் ஸ்டீவன்சும் வான் டிரம்பும் ஆவர். 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அவர்கள் உச்சியை அடைந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1876இல், ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் ஸ்டீவன்ஸ் அப்பயணத்தைக் கட்டுரையாக எழுதினார். ஏற்ற இலக்கியத்தின் எல்லா இலக்கணங்களும் அதில் உண்டு: தடைகள், எச்சரிக்கை, துணிவு, வெற்றி, மீட்சி.

எச்சரிக்கை செய்பவராக அக்கட்டுரையில் வருபவர் ஸ்லூஸ்கின் என்னும் பழங்குடி வழிகாட்டி. அவர் இருவரையும் மலைச்சரிவு வரை அழைத்துச் சென்றார்; அதற்குமேல் ஏற வேண்டாம் எனத் தடுத்தார். உச்சியில் நெருப்பு ஏரி ஒன்று உண்டு என்றும், அங்கே தீய ஆவி உறைகிறது என்றும் அவர் கூறியதாக ஸ்டீவன்ஸ் எழுதுகிறார். இருவரும் திரும்பி வந்தபோது, அவர்கள் இறந்துவிட்டனர் என்றே ஸ்லூஸ்கின் எண்ணியிருந்தார் என்றும் கட்டுரை கூறுகிறது.

இப்பகுதியைப் படிப்போர் பெரும்பாலும் ஸ்லூஸ்கினின் அச்சத்தை மூடநம்பிக்கை எனக் கடந்து செல்வர். கட்டுரையின் போக்கும் அதற்கே இடம் தருகிறது. ஆயின், அதே கட்டுரையில் ஸ்டீவன்ஸ் தரும் மற்றொரு செய்தியை இதனோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். உச்சியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடுங்குளிரில் உயிர் பிழைக்க வழியில்லை. அப்போது இருவரையும் காத்தது எரிமலைவாயிலிருந்து எழுந்த வெந்நீராவியே. நீராவி குடைந்த பனிக்குகையில் அவர்கள் இரவைக் கழித்தனர். உச்சியில் நெருப்பு உண்டு என்ற ஸ்லூஸ்கினின் சொல் பொய்யன்று. அந்நெருப்பின் வெப்பமே அச்சொல்லைக் கேளாது சென்றவர்களைக் காத்தது. ஸ்டீவன்ஸ் இம்முரணை எங்கும் எண்ணிப் பார்க்கவில்லை. வெற்றியை நோக்கி விரையும் நடைக்கு அவ்வாறு நின்று எண்ண நேரமில்லை.

மேலும், ஸ்லூஸ்கினின் பேச்சாக இன்று வழங்குவது அவர் வாய்மொழி அன்று. சினூக் என்னும் வணிகக் கலப்புமொழியில் அவர் சொன்னதை, ஸ்டீவன்ஸ் தம் ஆங்கிலத்தில் அழகுபடுத்தித் தந்தது அது. ஒரு மலையைத் தம் வாழ்நாள் முழுவதும் அறிந்திருந்த மனிதர், அம்மலையைப் பற்றிய நூலில் அடுத்தவரின் சொற்களிலேயே பேசுகிறார். மொழிபெயர்ப்பு இலக்கியம் பயில்வோர் இதனை ஊன்றிக் கவனித்தல் நன்று.

மலர்வளையம் கண்ட மியூர்

இயற்கை எழுத்தாளருள் பெரும்புகழ் பெற்ற ஜான் மியூர் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரெய்னியரின் உச்சிக்கு ஏறினார். அப்போது அவருக்கு வயது 50. அவ்வேற்றம் பற்றிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1918இல் வெளிவந்த ‘செங்குத்துப் பாதைகள்’ என்று பொருள்படும் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

மியூருக்கும் ஸ்டீவன்சுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் நிலத்தைப் பார்க்கும் முறையில் விளங்குகிறது. மியூர் ஏறும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார். ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில், தரையில் நுரைக்கற்கள் காற்றால் அடித்துச் செல்லப்படாமல் கிடப்பதைக் கண்டு, அவ்விடத்தில் காற்றின் வேகம் குறைவு என முடிவு செய்து, அங்கே இரவு தங்கலாம் என்றார். இன்றும் அவ்விடம் அவர் பெயராலேயே வழங்குகிறது. சிறு கல்லைக் கொண்டு பெருங்காற்றை அறியும் இந்நுண்மையே மியூரின் எழுத்திற்கு வலிமை.

அவருடைய மற்றொரு நூல், நாட்டின் தேசியப் பூங்காக்களைப் பற்றி 1901இல் வெளிவந்தது. அதில் ரெய்னியரின் பூநிலத்தை அவர் ஒரு வளையமாகக் காண்கிறார்: 50 மைல் சுற்றளவும் ஏறக்குறைய 2 மைல் அகலமும் கொண்டு, காட்டிற்கும் பனிக்கும் நடுவே மலையைச் சூழ்ந்து கிடக்கும் மலர்வளையம். இஃது அரிய காட்சி. மலையை மேல்கீழாகப் பார்த்த எழுத்தாளர் பலர். அதனை வட்டமாகப் பார்த்தவர் மிகச் சிலர். ஏற்றக் கட்டுரையின் இறுதியிலும் மியூர் ஒரு வியத்தகு முடிவுக்கு வருகிறார். உச்சியில் கிடைக்கும் அறிவையும் ஏறுதலின் கிளர்ச்சியையும் நீக்கிப் பார்த்தால், மலையின் உச்சியைவிட அடிவாரத்திலேயே இன்பம் மிகுதி என்பது அவர் கருத்து.

உச்சியடைந்த ஒருவரே இவ்வாறு கூறுவது எண்ணத்தக்கது. ஆயினும், மியூரிடமும் ஒரு குறை உண்டு. வளையத்தைக் கண்டவர் அவ்வளையத்தின் வழியே நடந்து எழுதவில்லை. அவருடைய கதை பூநிலத்தை ஊடறுத்து நேரே மேலேறிச் செல்கிறது. அடிவாரமே இனிது என்னும் உண்மையை அவர் கட்டுரையின் கடைசியில் சொல்கிறாரே தவிர, அவ்வுண்மைக்கேற்ப அக்கட்டுரையின் அமைப்பை மாற்றவில்லை. கருத்து ஒரு பக்கமும் வடிவம் மற்றொரு பக்கமும் இழுக்கும் நிலை இது.

சுற்றுப்பாதையின் இயல்பு

மியூர் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியது சுற்றுப்பாதையின் இலக்கியம். அதனை மதிப்பிடுவதற்கு முன் அப்பாதையின் இயல்பை அறிதல் வேண்டும்.

சுற்றிச் செல்வது எளிது, ஏறுவதே கடினம் என எண்ணுவது பொருந்தாது. மலையிலிருந்து இறங்கும் பனியாறுகள் ஒவ்வொன்றும் ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துள்ளன. சுற்றுபவர் ஒவ்வொரு முகட்டிற்கும் ஏறி, ஒவ்வொரு பள்ளத்தாக்கிற்கும் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். 93 மைல் சுற்றில் அவர் ஏறும் மொத்த உயரம் 22,000 அடிக்கு மேல். பூநிலமாகிய ‘பாரடைஸ்’ பகுதியிலிருந்து உச்சிக்கு ஏறுபவர் ஏறுவதோ ஏறத்தாழ 9,000 அடி. ஆகவே, உச்சியைத் தொடாதவர் உச்சியைத் தொட்டவரைவிட இரு மடங்குக்கு மேல் ஏறுகிறார். எனினும், அவருக்கு வெற்றிக்கொடி நாட்ட ஓரிடமும் இல்லை.

லாங்மயர் என்னும் இடத்தில் புறப்பட்டு, மலையை வலப்புறமாக வைத்து நடப்பவர், முதலில் மேற்குச் சரிவின் ஈரமான காடுகளைக் கடக்கிறார். டஹோமா ஓடையின் மேல் தொங்குபாலத்தில் நடக்கிறார். வடக்கே கார்பன் பனியாற்றின் அழுக்குப் படிந்த முகப்பைக் காண்கிறார். கிழக்கே சம்மர்லேண்டின் பூநிலம் கடந்து, 6,700 அடிக்கும் மேற்பட்ட பான்ஹேண்டில் கணவாயில் கோடையிலும் உருகாத பனியை மிதிக்கிறார். இண்டியன் பார் என்னும் பள்ளத்தாக்கின் பூக்களிடையே இறங்குகிறார். உணவு முழுவதையும் ஒரே முறையில் சுமக்க இயலாமையால், பலர் முன்கூட்டியே வாளிகளில் அடைத்து வனக்காவலர் நிலையங்களுக்கு அனுப்பி வைப்பர். இரவு தங்குவதற்குக் குறித்த இடத்தில் மட்டுமே அனுமதி உண்டு. மழை பெய்தால் மலை பல நாள் கண்ணுக்கே தென்படாது. கதைத்தலைவன் மறைந்தே இருக்கும் கதை அது.

பூக்காலத்தில் நடப்பவருக்கு மற்றோர் உண்மையும் புலனாகும். பனி உருகும் விளிம்பில் முதலில் தலைகாட்டுவது வெண்ணிற மலைலில்லி. எஞ்சிய பனியைத் துளைத்துக்கொண்டே அதன் தளிர் வெளிவருவதும் உண்டு. பனி விலகிச் சில வாரம் கழிந்த நிலத்தில் நீல லூப்பினும், செந்நிறப் பெயிண்ட்பிரஷும், வெண்ணிற வலேரியனும் கலந்து பூக்கின்றன. அதற்கும் கீழே பூத்து முடிந்த அனிமோன் செடிகள் பஞ்சுத் தலைகளோடு விதை தாங்கி நிற்கின்றன. பனி மேல்நோக்கி விலகிச் செல்வதால், மேலே ஏறுபவர் பருவத்தின் தொடக்கத்தை நோக்கியும், கீழே இறங்குபவர் அதன் முடிவை நோக்கியும் செல்கின்றனர். ஒரே நாள் நடையில் பல வாரங்களின் பூக்களைக் காணலாம். அங்கே நிலம் என்பதும் பொழுது என்பதும் தனித்தனியே இல்லை.

தமிழ் மாணாக்கருக்கு இது புதிய செய்தி அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. பூ கருப்பொருளுள் ஒன்று. அவற்றின்மேல் நிற்பதே உரிப்பொருள். ரெய்னியர் மலையைத் திணை வகையுள் அடைத்துக் குறிஞ்சி எனப் பெயரிடுவது பொருந்தாச் செயல். அந்நிலத்தின் பனியும் நெருப்பும் தமிழகத்து மலைகளுக்கு இல்லை. ஆனால், பூவைச் சொல்பவர் அது நின்ற நிலத்தையும் மலர்ந்த பொழுதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்னும் நெறி எந்நாட்டு எழுத்திற்கும் உரைகல்லாகும்.

ஆண்டைச் சுற்றியவரும் மலையைச் சுற்றியவரும்

இவ்வுரைகல்லில் தேறும் நூல் புளோய்ட் ஷ்மோ எழுதி 1959இல் வெளிவந்த ‘பாரடைசில் ஓர் ஆண்டு’ ஆகும். ஷ்மோ அப்பூங்காவின் இயற்கை விளக்குநராகப் பணியாற்றியவர். அதற்குமுன் பனிக்காலத்தில் அங்குள்ள விடுதியைத் தம் மனைவியோடு தங்கிக் காத்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரோஷிமாவுக்குச் சென்று, அணுகுண்டால் வீடிழந்தோருக்கு வீடு கட்டிக் கொடுத்த தொண்டரும் அவரே.

அவருடைய நூலின் சிறப்பு, அது பூக்களுக்கு முன் பனியைச் சொல்வதில் உள்ளது. பாரடைஸ் என்றால் சொர்க்கம். பூக்காலத்தில் அங்கு வந்தவர்கள் சூட்டிய பெயர் அது. அச்சொல் பூவை மட்டுமே காட்டுகிறது, பனியை மறைக்கிறது. 1971ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அங்கே பெய்த பனியின் அளவு 1,122 அங்குலம், அதாவது 93 அடிக்கு மேல். ஆண்டின் பெரும்பகுதி பனியின்கீழ்ப் புதைந்து கிடக்கும் நிலத்திற்கு எஞ்சிய சில வாரங்களே வாழ்வு. பனியில் வாழ்ந்து பார்த்தவர் பூவை எழுதும்போது அதன் அவசரம் வாசகருக்கு விளங்குகிறது. ஷ்மோ மலையைச் சுற்றவில்லை, ஆண்டைச் சுற்றினார். அதனால் அவர் நூலுக்கு உச்சி தேவைப்படவில்லை.

புரூஸ் பார்காட் எழுதிய ‘மலையின் அளவு’ 1997இல் வெளிவந்தது. அழகையும் அச்சத்தையும் ஒருங்கே குறிக்கும் துணைத்தலைப்பு அதற்கு உண்டு. சுற்றுப்பாதையில் நடந்த அனுபவம், பனியாற்றின் இயக்கம், எரிமலையின் ஆபத்து, மலையில் உயிர் நீத்தோரின் வரலாறு எனப் பலவற்றை அந்நூல் ஒன்றிணைக்கிறது. மலையை ஒரே நோக்கில் அளக்க முடியாது என்னும் தெளிவு அதில் உண்டு. நால்வருள் வட்டத்திற்கு மிக அணுக்கமாக வந்தவர் அவரே. எனினும், உச்சி பற்றிய எண்ணம் நூலில் நுழைந்ததும் வாசகரின் கண் தானாகவே மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. நடந்த பாதை பின்னணியாகிவிடுகிறது. ஸ்டீவன்ஸ் தொடங்கி வைத்த மரபின் பிடி நூற்றாண்டு கடந்தும் தளரவில்லை என்பதற்கு இது சான்று.

அழகுக்கு அடியில் உள்ளது

பூக்காலத்தை எழுதுவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. பாதை ஓரத்து மண் வெட்டுகளில் வெளிர்நிற அடுக்குகள் தெரியும். அவை ரெய்னியரும் பிற எரிமலைகளும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பலின் படிவுகள். பூக்களின் வேர் அச்சாம்பலில்தான் ஊன்றியுள்ளது.

ஏறத்தாழ 5,600 ஆண்டுகளுக்கு முன் இம்மலையின் மேற்பகுதி சரிந்து, ஆசியோலா எனப்படும் சேற்றுப்பெருக்காகப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்து கடலோரச் சமவெளி வரை சென்றது. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் மற்றொரு சேற்றுப்பெருக்கு வந்தது. அதன் படிவின் மேல்தான் ஆர்ட்டிங் என்னும் ஊர் இன்று இருக்கிறது. அவ்வூரின் பள்ளிப் பிள்ளைகள், எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் மேட்டு நிலத்திற்கு நடந்து செல்லப் பயிற்சி பெறுகின்றனர். மேலே பூநிலத்தில் விடுமுறைக்கு நடப்போரும், கீழே உயிர்காக்க நடந்து பழகும் பிள்ளைகளும் ஒரே மலையின் சரிவிலும் அடியிலும் உள்ளவர்கள். பூவைப் பாடிச் சாம்பலை விட்டுவிடும் எழுத்து பாதி மலையையே எழுதியதாகும்.

காலமும் மாறிவிட்டது. மியூர் இடுப்பளவு பூக்களிடையே நீந்துவதுபோல் நடந்ததாக எழுதினார். இன்று பூநிலத்தில் பாதையை விட்டு விலகி நடத்தல் கூடாது. குறுகிய கோடையில் வளரும் அச்செடிகள் மிதிபட்டால் மீள்வதற்குப் பல்லாண்டு ஆகும்; மிதித்து அழிந்த இடங்களில் நாற்று வளர்த்து நட்டு நிலத்தை மீட்கின்றனர். பூநிலத்திற்குச் செல்லும் படிகளில் மியூரின் புகழுரை பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவர் நடந்தது போல் நடக்க எவர்க்கும் உரிமையில்லை. 2015ஆம் ஆண்டில் பனி வழக்கத்திற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னரே உருகிவிட்டது. செடிகள் யாவும் ஒரே அளவில் முந்தவில்லை. சில மிக முந்தின, சில சற்றே முந்தின. வழக்கமாக ஒன்றாகப் பூப்பவை அவ்வாண்டில் பிரிந்தன. இனி எழுதுவோர் பூக்களின் பெயரோடு ஆண்டையும் குறித்தல் வேண்டும். பொதுவாகப் பூக்காலம் என்று சொல்லிவிட்டால், எந்த ஆண்டின் பூக்காலம் என்னும் வினா எழும்.

ஓர் எதிர்வாதம்

வட்டமாகச் செல்லும் எழுத்தில் விறுவிறுப்பு இராது, பூக்களின் பட்டியல் படிப்பவரைச் சலிப்படையச் செய்யும் என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றைப் புறக்கணித்துவிட முடியாது. ‘முகடு ஏறினார், பூக்கள் கண்டார், பள்ளம் இறங்கினார்’ என்று பத்து நாளும் ஒரே பாட்டைப் பாடும் பயணக் குறிப்புகளுக்குக் குறைவில்லை.

ஆயினும், குறை பட்டியலில் இல்லை. பட்டியல் யார்பொருட்டு நிற்கிறது என்பதில் உள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. அது சலிப்பூட்டுவதில்லை. ஏனெனில், அப்பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்த பெண்களின் கைகள் அதில் உள. அந்நாளின் நிகழ்ச்சியைச் செவிலிக்கு எடுத்துரைத்துத் தலைவியைக் காக்க முயலும் தோழியின் குரலும் அதில் உண்டு. பூக்களுக்குப் பின்னே ஒரு வாழ்வின் தேவை நிற்கிறது. அதுபோல், மலையைச் சுற்றும் எழுத்திலும் ஒவ்வொரு பூவுக்கும் பின்னே அது நின்ற பனிவிளிம்பும், மலர்ந்த வாரமும், அதனைக் கண்ட கால்களின் களைப்பும் நிற்குமாயின், உச்சி இல்லாமலே நூல் நிற்கும்.

வகுப்பறைக்கு உரியது

பயணக் கட்டுரை எழுதும் மாணாக்கர் பலர், சென்ற இடம் எதுவாயினும் பச்சைக் கம்பளம் விரித்தனர், பூலோக சொர்க்கம் கண்டனர். கேமரன் மலைக்குச் சென்றவரும் அதனையே எழுதுகிறார். கினபாலு மலைக்குச் சென்றவரும் அதனையே எழுதுகிறார். இரண்டு மலைகளும் ஒன்றாகிவிடுகின்றன. இக்குறை மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. ‘பாரடைஸ்’ என்று பெயரிட்டவர்களும் அதே வழியில் சென்றவர்களே. ஆயத்தச் சொல் கையில் இருக்கும்போது கண் வேலை செய்வதில்லை.

ஆகவே, ஆசிரியர் மாணாக்கரிடம் கேட்கத்தக்க வினாக்கள் எளியவை. அந்தப் பூவின் பெயர் என்ன? பெயர் தெரியாவிடின், அதன் இலை எவ்வாறு இருந்தது? எந்த மாதத்தில் கண்டது? அதன் அடியில் இருந்தது என்ன மண்? அவ்விடத்தை முன்பே அறிந்திருந்தவர் யார், அவர் தம் சொல்லால் என்ன கூறினார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணாக்கர் உவமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஸ்டீவன்ஸ் உச்சியைக் கண்டார். வழிகாட்டியின் சொல்லை இழந்தார். மியூர் மலர்வளையத்தைக் கண்டார், அதன்வழி நடக்கவில்லை. ஷ்மோ ஓராண்டின் முழுச் சுற்றையும் கண்டார். பார்காட் மலையின் பல முகங்களைக் கண்டும் உச்சியின் ஈர்ப்பிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை. நால்வரும் தத்தம் அளவில் பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னும் ஒரு நூலுக்கு இடம் இருக்கிறது: மலையை வெல்ல எண்ணாமல், அதன் பூவையும் பனியையும் சாம்பலையும் அங்கே வாழ்ந்த மக்களையும் ஒரே சுற்றில் சொல்லி, புறப்பட்ட இடத்தில் நிறைவோடு நிற்கும் நூல். அத்தகைய நூல் எம்மொழியில் எழுந்தாலும் மலைப்பயண இலக்கியம் வளம் பெறும். தமிழில் எழுதுவோர்க்கு அதற்கான இலக்கணம் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது.